மேல்முனை சாய்வெட்டு

செப்டம்பர் 14

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. பெருநகரத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். அத்தான் ரயிலில் ஒரு முனகல்கூட இல்லாமல் வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய முதுகு, இப்போது லாரியைவிட மோசமாகச் சத்தம் போடுகிறது என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். காலையில் ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. போனில் பேசினால் என் கவலையெல்லாம் அவர் காதில் விழும். அதனால் எழுதுகிறேன், நீயும் எழுது. உன் உடம்பு எப்படி? உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? மின்வாரியக் கவுண்டரில் ஊர்ப் புகாரையெல்லாம் வாங்கி வாங்கி உனக்குத் தலைவலி வருமே, அது எப்படி?

செடிகளைப் பற்றி. ஜன்னல் தொட்டிகளில் இருக்கிற, ஊரே ஜெரேனியம் என்று கூப்பிடுகிற பெலர்கோனியங்களைப் பனி விழுவதற்குள் கண்ணாடிக் கூடத்துக்குள் கொண்டுபோய்விடு. ஜெரேனியத்துக்கு அவை ஒன்றுவிட்ட சொந்தம்தான், ஆனால் லேசாகக் குளிர்ந்தாலே சுருண்டு விழுகிற சொந்தம். தண்ணீர் கொஞ்சமாக ஊற்று. அசல் ஜெரேனியங்கள் தோட்டத்திலேயே கிடக்கட்டும். இலை கருகினாலும் வேர் உறங்கி எழுந்து வரும்.

பாதையோரத்துக் கருஞ்சிவப்பு ஜெரேனியம் பெருத்துவிட்டது. ஆசையிருந்தால் அதிலிருந்து விரல் நீளத்துக்கு வேர்த்துண்டுகள் வெட்டி மணலில் நடு. நம் வழக்கம்தான்: மேல்முனை சாய்வெட்டு, கீழ்முனை நேர்வெட்டு. தலைகீழாக நட்டால் அழுகிப்போகும்.

கடைசியாக, கூடத்தின் வடமூலையில் இருக்கும் நீலத் தொட்டி. நாற்பத்தேழு. பதினொரு வருஷமாக நான் பூவுக்குப் பூ மகரந்தம் தடவி முளைக்கவைத்த அத்தனை நாற்றுகளில் தேறியது அந்த நாற்பத்தேழாவது ஒன்றுதான். அந்த வெள்ளை இதழையும், பேனாவால் கீறினாற்போன்ற ஊதா நரம்புகளையும் நீ பார்த்திருக்கிறாய். அது விதை வைக்காது. கொக்கு மூக்கு மாதிரி காய் வரும், உள்ளே ஒன்றுமிருக்காது. அந்தத் தொட்டி போனால் உலகத்திலேயே அது இல்லை. அதை வெட்டாதே, இடம் மாற்றாதே, யாருக்கும் காட்டாதே. வீட்டுச் சாவியெல்லாம் பெரிதில்லை, உன்னை நம்பி நான் விட்டுவந்திருப்பது அதைத்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

அக்டோபர் 2

அக்காவுக்கும் அத்தானுக்கும் சின்னவளின் வணக்கம்.

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். இருமல் நின்றுவிட்டது, அதற்குப் பதிலாகக் குறட்டை வந்திருக்கிறது. என் தலைவலிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. நேற்று ஒருவர் வந்து, தன் வீட்டு பல்பைவிடப் பக்கத்து வீட்டு பல்பு பிரகாசமாக எரிகிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார். இப்படிப்பட்ட ஜனங்களிடம் நாள் முழுக்க வாங்கிக்கட்டிக்கொண்டு உன் கண்ணாடிக் கூடத்துக்கு வந்து நின்றால்தான் மூச்சு வருகிறது. புகார் சொல்லாத ஜென்மங்கள்.

பெலர்கோனியம் எல்லாம் உள்ளே வந்தாயிற்று. எலுமிச்சை வாசம் அடிக்குமே, அந்த ஒன்றுக்குக் கிளை முறிந்துவிட்டது, திட்டாதே. முறிந்ததை ஒரு நாள் காயவைத்து நட்டிருக்கிறேன்.

சாய்வெட்டை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? எனக்கு எட்டு வயதிருக்கும்போது மாற்றி வெட்டிவிட்டேன் என்று தோட்டக் கரண்டியாலேயே விரலில் ஒன்று போட்டாயே! தூக்கத்தில் எழுப்பி வேரைக் கொடுத்தாலும் மேல்முனையைச் சாய்த்துத்தான் வெட்டுவேன்.

நம் தொப்பிக்காரர் வந்திருந்தார், நர்சரிக்காரர்தான். நீ ஊரில் இல்லை என்று தெரியாதாம். தெரியாமல் இருக்குமா? நாற்பத்தேழு எப்படியிருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி வெளிக்கதவோடு அனுப்பிவிட்டேன். அத்தானை ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
சின்னவள்

அக்டோபர் 19

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே ஊசியும் மாத்திரையுமாக நாள் ஓடுகிறது. சாப்பாட்டில் உப்பில்லை, பேச்சில் சிரிப்பு குறைந்துவிட்டது, மற்றபடி குறையில்லை. அங்கே எல்லாரும் சௌக்கியமாக இருங்கள்.

தொப்பிக்காரரை வெளிக்கதவோடு அனுப்பியது நல்ல காரியம். மறுபடி வருவார். நான்கு வருஷமாக என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் பூவைப் பார்த்தாலே எத்தனை தொட்டி தேறும் என்றுதான் யோசிப்பார். நாற்பத்தேழு இதுவரை ஒரு பனிக்காலத்தைக்கூட வெளியில் தாங்கிக் காட்டவில்லை. கண்ணாடிக்குள் செல்லமாக வளர்ந்த பிள்ளை. அடுத்த வருஷம் தோட்டத்தில் நட்டு, ஒரு முழுப் பனிக்காலம் தாங்குகிறதா என்று பார்த்துத்தான் அதற்குப் பெயர் வைப்பேன், பிறகுதான் வெளியே விடுவேன். தாங்காத செடியை ஜெரேனியம் என்று நாலு பேர் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

முதல் வேர்த்துண்டை நான் வந்துதான் வெட்டுவேன். நீ பக்கத்தில் இருப்பாய்.

அக்கா

டிசம்பர் 11

அக்காவுக்கும் அத்தானுக்கும் சின்னவளின் வணக்கம். எல்லாரும் சுகம்.

எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பனி கொட்டுகிறது. கூடத்தின் கூரைக் கண்ணாடியில் ஒன்று விரிசல் விட்டுவிட்டது, ஆள் வைத்து மாற்றிவிட்டேன். ஹீட்டர் ஒழுங்காக ஓடுகிறது. இலைகளில் சாம்பல் பூசணம் வராமலிருக்க மத்தியானம் அரை மணி நேரம் மேல் ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். எலுமிச்சை வாசக்காரி வேர் பிடித்துவிட்டாள். கருஞ்சிவப்பிலிருந்து பன்னிரண்டு துண்டு எடுத்தேன், பத்து முளைத்திருக்கிறது. வெல்வெட் இலைக்காரி இரண்டு தொட்டியாகப் பெருகிவிட்டாள். பாதைக் கற்களில் பாசி பிடித்திருந்தது, தேய்த்துக் கழுவினேன். பூவாளியின் மூக்கை மாற்றினேன். கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன். குருவி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பறந்தது.

நாற்பத்தேழு உறங்குகிறது.

அத்தானுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும்.

சின்னவள்

டிசம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

ஆபரேஷன் முடிந்தது. ஆறு மணி நேரம். கால் விரலை அசைக்கிறார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தைத்தான் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். குருவியிலிருந்து தாழ்ப்பாள்வரை எழுதியிருக்கிறாய். நாற்பத்தேழைப் பற்றி மட்டும் இரண்டே வார்த்தை. அடியில் மொட்டுமுனை சிவப்பாகத் தெரிகிறதா? தொட்டியின் ஓரத்து மண் விரல் நுனிக்கு ஈரமாக இருக்கிறதா? அதை மட்டும் ஒரு வரி எழுதிப்போடு. நான் இங்கே தூங்க வேண்டாமா?

அக்கா

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பத்து நாளாக எழுதிக் கிழிக்கிறேன். நாற்பத்தேழு போய்விட்டது அக்கா.

இலை வரவேயில்லை. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளைப் புழுக்கள். வேரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன. ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. நான் என்ன செய்வேன்? உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அத்தானிடம் இப்போது சொல்லாதே.

சின்னவள்

பிப்ரவரி 20

என் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தைப் படித்தேன். அழுதேன், இல்லையென்று சொல்லமாட்டேன். உன் மேல் கோபமில்லை. வண்டுப் புழு யார் கையிலிருந்தாலும் வரும். என் கையிலேயே எத்தனை செத்திருக்கிறது? நீ பத்து நாள் எழுதிக் கிழித்தாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாப்பிடாமல் கிடக்காதே. உனக்கு ஒன்று என்றால் நான் எந்தச் செடியைக் கட்டிக்கொண்டு அழுவேன்?

அத்தானிடம் சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். "சின்னவளத் திட்டாத. பாவம், அவ என்ன செய்வா" என்றார்.

ஒரே ஒரு காரியம். அந்தத் தொட்டி மண்ணைக் கொட்டிவிடாதே. ஜெரேனியம் கெட்டிக்காரி, தீக்குச்சி அளவு வேர் மண்ணில் கிடந்தாலும் முளைப்பாள். மண்ணை அகலத் தட்டில் பரப்பி, ஈரமாக வைத்து, கோடைவரை பார். மற்றத் தொட்டிகளையும் சாய்த்துப் பார்த்துவிடு. புழு ஒரு தொட்டியோடு நிற்காது.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு வணக்கம். மண்ணை அன்றைக்கே எரித்துவிட்டேன், புழு பரவும் என்று பயந்துபோய். மற்றத் தொட்டிகளில் ஒன்றுமில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சின்னவள்

ஜூன் 17

"என் அருமைக் கொழுந்தியாவுக்கு, அத்தான் சொல்ல, உன் அக்கா எழுதுவது. கள்ளி! செடி செத்துப்போச்சுன்னு எங்க ரெண்டு பேரையும் அழ வச்சுட்டு, கமுக்கமாப் பொழைக்க வச்சு, பூவோட அனுப்பியிருக்கியே! இந்த நெஞ்சழுத்தம் உன்னத் தவிர யாருக்கு வரும்? ஒம்பது மாசமா சுவத்தப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இப்ப ஜன்னல்ல நம்ம வீட்டுப் பூவு. இதப் பார்க்கவே இன்னிக்குக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நாலு அடி நடந்தேன். நீ நல்லா இருக்கணும் தாயி."

இதுவரை அவர் சொன்னது, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன். இனி எழுதுவது நான்.

நீ எதையும் அனுப்பவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு பூக்கடை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அதன் படியில், மற்றத் தொட்டிகளுக்கு நடுவே அது நின்றுகொண்டிருந்தது. நாற்பத்தேழு. அந்த நரம்பை நான் எட்டு வருஷம் பார்த்திருக்கிறேன், கூட்டத்தில் என் பிள்ளையைத் தெரியாதா? அட்டையில் 'முதல் மழை' என்று பெயர். சோப்புக்கு வைக்கிற மாதிரி ஒரு பெயர். கீழே தொப்பிக்காரரின் நர்சரி முத்திரை.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அவர் மேல் கோபம்தான். பூட்டை உடைத்துத் திருடியிருக்கிறான் பாவி, என் தங்கை புழுவென்று நம்பி ஏமாந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். உனக்காக வயிறு எரிந்தது. அறைக்கு வந்து, வேர் எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தொட்டியைச் சாய்த்து மண்ணை உதறினேன். நடுவில் அந்தத் தாய்த்துண்டு இன்னும் கெட்டியாக இருந்தது, விரல் நீளம். இலை கிளம்பியிருந்த முனையைக் கழுவிப் பார்த்தேன்.

சாய்வெட்டு.

இந்த உலகத்தில் வேரின் மேல்முனையைச் சாய்த்து வெட்டுகிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி இங்கே மூன்றாம் மாடியில் இருக்கிறாள்.

மண்ணை மறுபடி நிரப்பினேன். அதற்குள் அத்தான் பூவைப் பார்த்துவிட்டார். "நாப்பத்தேழு! சின்னவ அனுப்பினாளா?" என்று அவரே கேட்டு அவரே சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வேன்?

நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்றைக்கெல்லாம் அது துண்டு துண்டாகிவிட்டிருந்தது, இல்லையா? மண்ணைப் பரப்பி ஈரமாக வை என்று உனக்குக் கெஞ்சி எழுதினேனே. சாப்பிடாமல் கிடக்காதே என்று எழுதினேனே. அதைப் படிக்கும்போது உனக்கு என்னடி தோன்றிற்று?

பதில் எழுது.

அக்கா

செப்டம்பர் 3

அக்காவுக்கு,

அத்தான் நடக்கிறார் என்பது சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

தொப்பிக்காரர் அக்டோபர் கடைசியில் மறுபடி வந்தார். நான் பாதையோரத்தில் கருஞ்சிவப்பைத் தோண்டி வெட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அம்மா, இவ்வளவு சுத்தமா வெட்டுற கைய நான் பார்த்ததில்ல. நீங்க ஏன் கவுண்டர்ல உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா, இத்தனை வயதில் யாராவது என்னை அப்படிக் கேட்டிருக்கிறார்களா? நீ கேட்டிருக்கிறாயா? உன் கூடத்தில் நான் எப்போதும் பூவாளிதானே. 'நீ பக்கத்தில் இருப்பாய்' என்று அந்த மாதம்தான் எழுதியிருந்தாய். பக்கத்தில் இருப்பதற்கு எனக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

தன் நாற்றுக் கூடத்துக்கு என்னைப் பொறுப்பாக வரச் சொன்னார். நாற்பத்தேழோடு வரச் சொன்னார். நான் இரண்டு நாள் யோசித்தேன், இரண்டே நாள். புகார் கவுண்டர் வேலையை விட்டுவிட்டேன். நாற்பது துண்டு வெட்டி நானே நட்டேன். முப்பத்தெட்டு முளைத்தது. அத்தனையும் என் கையால். பதினைந்தைப் பெருநகரத்துக்கு அனுப்பினார், அதில் ஒன்றுதான் உன் கையில் கிடைத்திருக்கிறது. மீதி இருபத்து மூன்றும் தாய்ச்செடிகளாக இங்கே நிற்கின்றன. அடுத்த வருஷ அட்டையில் என் பெயரையும் போடுவாராம்.

உனக்காக ஒரு துண்டை நீலத் தொட்டியிலேயே நட்டுவைத்தேன், நம்பினால் நம்பு. நாற்பதில் அழுகியது இரண்டு. அதில் ஒன்று அதுவாக இருந்தது. அதன் பிறகு உனக்கு என்ன எழுதுவது? புழு என்று எழுதினேன்.

நீ எட்டு வருஷமாக அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. இன்னும் ஒரு பனிக்காலம், இன்னும் ஒரு பனிக்காலம் என்று உன்னோடேயே மூடிவைத்திருப்பாய். இப்போது பதினைந்து வீட்டில் பூத்திருக்கிறது. அது தப்பா?

அத்தானிடம் உண்மையைச் சொல்வதென்றால் சொல்லிவிடு.

சின்னவள்

பிப்ரவரி 11

அக்கா,

ஐந்து மாதமாக நீ எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரிந்தும் தபால்காரரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு தேவலையா?

நவம்பரில் இருபத்து மூன்று தாய்ச்செடிகளையும் தோண்டினோம். ஒரே வருஷத்தில் பெருக்கிவிட வேண்டும் என்று தொப்பிக்காரருக்கு அவசரம். ஒன்றையாவது விட்டுவையுங்கள் என்றேன், கேட்கவில்லை. இரண்டு நாளில் முந்நூறு துண்டு வெட்டினேன். வெட்டுவது மட்டும் என் வேலை, தட்டுகளில் நடுவதற்கு அவருடைய ஆட்கள் நாலு பேர். எல்லாரும் அனுபவப்பட்டவர்கள். அதே மணல், அதே சூடு, அதே தண்ணீர். மூன்று மாதமாகிறது அக்கா, ஒரு முளை வரவில்லை. எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கறுத்துக் குழைந்திருக்கிறது. மற்றவை கெட்டியாக இருக்கின்றன, ஆனால் உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. நேற்று எல்லார் முன்னாலும் அவர், "வீட்டுத் தோட்டத்துல கத்துக்கிட்டவங்கள நம்பினா இப்படித்தான்" என்றார். முகம் கழுவப் போவது போலப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

விற்ற பதினைந்தும் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாது. உயிரோடு இருப்பதாக எனக்குத் தெரிந்தது உன் ஜன்னலில் இருப்பது ஒன்றுதான். ஒரே ஒரு துண்டு அனுப்பு. எனக்காக வேண்டாம். அது அழிந்துவிடக் கூடாது அக்கா.

உன் சின்னவள்

மார்ச் 2

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் செடி.

கெட்டியாக இருக்கிற துண்டுகளை இன்றைக்கே தட்டிலிருந்து எடுக்கச் சொல். கறுத்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, புது மணலில் படுக்கவைத்து, விரல் கனத்துக்கு மேலே மணல் தூவச் சொல். நிறுத்தி நட வேண்டாம். படுக்கவைத்தால் எந்த முனை மேல் என்பதை வேரே பார்த்துக்கொள்ளும். சில பிழைக்கலாம். செடிக்காகச் சொல்கிறேன், உனக்காக அல்ல.

உன் வெட்டில் சுத்தம் குறையவில்லை. அவர் ஆட்கள் நட்டதிலும் தப்பில்லை. முந்நூறும் தலைகீழாக நிற்கிறது, அவ்வளவுதான். எங்கே போனாலும் மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும்தான் வெட்டுவார்கள். சாய்வைப் பார்த்ததும் அவர்கள் கை தானாக அதை மண்ணுக்குள் செருகியிருக்கும். நீ தனியாக நட்ட நாற்பதில் முப்பத்தெட்டு பிழைத்ததும், நாலு பேர் நட்ட முந்நூறு போனதும் இதனால்தான்.

நாம் வெட்டுகிற முறைதான் தப்பு. எனக்குப் பன்னிரண்டு வயதில் அரைகுறையாகக் கேட்டு மாற்றிப் புரிந்துகொண்டது. நீ பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய். சரியாகத்தான் வெட்டியிருந்தாய் அன்றைக்கு, நான்தான் உன் விரலில் அடித்து மாற்றினேன். இருபத்தைந்து வயதில் ஒரு புத்தகத்தில் படித்து எனக்குத் தெரிந்துபோயிற்று. உன்னிடம் சொல்லவில்லை. முதலில் வெட்கம். பிறகு, நம் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமான ஒரு தப்பு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு ஆசை. அதை மறைத்தது என் குற்றம். உனக்குக் கற்றுக்கொடுத்தேனே தவிர, உன் கை நல்ல கை என்று நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுவும் என் குற்றம்தான். தொப்பிக்காரர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் புழு என்று எழுதியது நீ. மண்ணை எரித்தேன் என்று எழுதியது நீ. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று கேட்பாய். கொடுத்திருக்கமாட்டேன். சண்டை போட்டிருப்பேன், உன்னோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன். அதற்காவது நான் உனக்கு அக்காவாக இருந்திருப்பேன். நீ என்னைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற புகார்க்காரியாக்கிவிட்டாய். ஒரு பொய்யை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாய்.

ஜன்னலில் இருப்பதிலிருந்து துண்டு கிடையாது. அதன் மேல் இனி யார் கத்தியும் படாது, என் கத்தி உட்பட. இங்கேயும் நம் ஊர்ப் பனிதான், இந்தப் பனிக்காலம் முழுக்க அதை ஜன்னலுக்கு வெளியே, சிமெண்டுப் பலகையில், மூடாமல் வைத்திருந்தேன். இலை கருகிற்று. நேற்று அடியில் சிவப்பு மொட்டுமுனை ஐந்து எண்ணினேன். தாங்கிவிட்டது. இப்போது அதற்குப் பெயர் வைக்கலாம். மனசுதான் வரவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் ஊருக்கு வருகிறோம். டாக்டர் விட்டுவிட்டார். அத்தான் கைத்தடியோடு நன்றாக நடக்கிறார். கூடத்துச் சாவியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிடு. அது இனி உன்னிடம் வேண்டாம்.

ஆனால் சனிக்கிழமை நீ எங்கேயும் ஒளிந்துகொள்ளக் கூடாது. நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. அவர் எழுந்து நடந்தது அந்தப் பூவைப் பார்த்துத்தான், அதை அனுப்பியது நீ என்று நம்பித்தான். ரயிலிலும் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாராம். வீட்டுக்கு வந்ததும் முதலில் உன்னைத்தான் தேடுவார், உன் கையைப் பிடித்து நன்றி சொல்வார். மாதக்கணக்காக அதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறார்.

வாசலில் நில். நானும் பக்கத்தில் இருப்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனியாமல், அந்த நன்றி முழுவதையும் வாங்கிக்கொள்.

அக்கா